"அழிக்கவா?" எண்டு கேட்டால் "வேண்டாம்": பழைய ஐபொட்டும் லினக்ஸ் லப்ரொப்பும்



போன எபிசோடின் கடைசியில் பழைய ஐபொட்டை லினக்ஸோடு சேர்த்து வைக்கிறது பற்றிக் கதைக்கத் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில் விட்டிட்டம். "அண்ணா, ஃபைல் சிஸ்டம், ஹாஷ் எண்டு ஓடிக்கொண்டே போனீங்கள், ஒண்டும் பிடிபடேல்லை" எண்டு மூன்று பேர் எழுதியிருந்தீங்கள். நியாயம்தான். இந்தக் கடிதத்தில் ஆறுதலாகச் சொல்லுறன்.

விஷயம் தொடங்கினது இப்படி. நாலு மாதத்துக்கு முதல் பேர்கனில் இருந்து ஒரு தங்கச்சி எழுதினார். அவரின் அப்பா போன குளிர்காலம் தவறிவிட்டார். அப்பா 80களின் கடைசியில் நோர்வேக்கு வந்து, ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் இருந்து அவரின் அம்மா கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் கதைத்து அனுப்புவாவாம். உங்கட வீட்டிலும் அப்படி ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசற் இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கோ. 2010 அளவில் அப்பா அந்தக் கசற்றுகளை ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு மேக் கொம்பியூட்டரில் பதிந்து, ஐபொட்டில் ஏற்றி வைத்திருக்கிறார். பிறகு வீட்டின் நிலக்கீழ் அறைக்குள் தண்ணி புகுந்து கசற்றுகள் போய்விட்டன. மேக்கும் செத்துவிட்டது. மிஞ்சினது 160 ஜிபி ஐபொட் கிளாசிக் ஒன்று, 2009ஆம் ஆண்டு மொடல்.

தங்கச்சியிடம் இருப்பது உபுண்டு போட்ட லப்ரொப். அவர் கேட்ட கேள்வி: "இதை என் லப்ரொப்பில் பாவிக்கலாமா? அப்பம்மாவின் குரலை வெளியில் எடுக்கலாமா?"

இரண்டு கேள்வி மாதிரித் தெரியவில்லை, ஆனால் இரண்டுதான். உள்ளே இருக்கிறதை வெளியில் எடுப்பது ஒன்று. ஐபொட்டை இனி லினக்ஸோடு வேலை செய்ய வைப்பது இன்னொன்று. முதலாவது முடியும் வரைக்கும் இரண்டாவதைத் தொடவே கூடாது. ஏன் எண்டால் இரண்டாவதற்கான வழிகள் அநேகமாக எல்லாமே உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் தொடங்கும்.

அழிக்கிறது எவ்வளவு லேசு எண்டு எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் மச்சானின் ஐபொட்டை "பாட்டு ஏத்தித் தாறன்" எண்டு வாங்கி என் கொம்பியூட்டரில் குத்தினேன். ஒரு பெட்டி வந்தது, வாசிக்காமல் ஓம் எண்டு அமத்தினேன். பத்து விநாடியில் அவனின் மூவாயிரம் பாட்டும் போச்சு. பிழை முழுக்க என்னுடையது. அவன் இன்னமும் கலியாண வீடுகளில் அதைச் சொல்லிக் காட்டுவான்.

அந்தப் பெட்டி என்ன கேட்கிறது எண்டால்: ஐபொட் ஒன்று ஒரு நேரத்தில் ஒரு ஐரியூன்ஸ் லைப்ரரியோடு மட்டும்தான் ஒத்திசையும். வேறு கொம்பியூட்டரில் குத்தினால், "இது வேறு லைப்ரரிக்குச் சொந்தமானது, இதில் இருப்பதை அழித்துவிட்டு இங்கே இருப்பதை ஏற்றவா?" எண்டு கேட்கும். 2019க்குப் பிறகு வந்த மேக்குகளில் ஐரியூன்ஸ் இல்லை, அந்த வேலையை ஃபைண்டர் செய்கிறது, ஆனால் கதை அதேதான். விண்டோஸில் இன்னொரு பெட்டி வரும். மேக்கில் அமைத்த ஐபொட்டை விண்டோஸால் வாசிக்க ஏலாது. ஆகவே "இந்த டிஸ்க்கைப் பாவிக்க முதல் ஃபோர்மட் செய்ய வேணும்" எண்டு சொல்லும். அதுவும் ஓம் சொல்லக்கூடாத கேள்வி. தங்கச்சி இரண்டையும் செய்யாமல் முதலில் எனக்கு எழுதினதுதான் இந்தக் கதையில் நடந்த மிகப் பெரிய நல்ல காரியம்.

மேக் ஐபொட், விண்டோஸ் ஐபொட் எண்டு ஏன் இரண்டு?

முதல் ஐபொட் 2001 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 5 ஜிபி, ஃபயர்வயர் கேபிள், மேக்குக்கு மட்டும். உள்ளே இருந்தது ஒரு சின்ன ஹாட் டிஸ்க். அதில் மேக்கின் ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ். அடுத்த வருஷம் விண்டோஸ்காரருக்கும் விற்கத் தொடங்கினபோது, அதே பெட்டிக்குள் ஃபாட்32 போட்டுக் கொடுத்தார்கள். விண்டோஸுக்கான ஐரியூன்ஸ் 2003 ஒக்டோபரில்தான் வந்தது.

ஃபைல் சிஸ்டம் எண்டால் என்ன எண்டு ஒரு வரியில் சொல்லுறன். டிஸ்க் எண்டது இலக்கம் போட்ட கோடிக்கணக்கான சின்னப் பெட்டிகள். எந்த ஃபைல் எந்தெந்தப் பெட்டிகளில் கிடக்குது எண்டு எழுதி வைக்கிற கணக்குப் புத்தகம்தான் ஃபைல் சிஸ்டம். ஒவ்வொரு கொம்பனியும் தன் பாட்டுக்கு ஒரு கணக்கு முறை வைத்திருக்கும். பெட்டிகளுக்குள் இருக்கிற சாமான் ஒன்றுதான், ஆனால் கணக்கை வாசிக்கத் தெரியாத கொம்பியூட்டருக்கு அது வெறும் குப்பை. விண்டோஸ் "ஃபோர்மட் செய்யவா" எண்டு கேட்கிறபோது உண்மையில் சொல்லுவது "எனக்கு இந்தப் பாஷை தெரியாது, புதுக் கொப்பி தொடங்கவா" எண்டுதான்.

லினக்ஸுக்கு இரண்டு பாஷையும் தெரியும். எச்எஃப்எஸ் பிளஸை வாசிக்கும். இதில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருக்கு. மேக் தன் டிஸ்க்குகளில் ஜேர்னல் எண்டு ஒன்று வைத்திருக்கும்: எழுதப் போகிற மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு கணக்கில் ஏற்றுகிற முறை. லினக்ஸ் கேர்னலுக்கு அந்தக் குறிப்பேட்டைச் சரியாக நடத்தத் தெரியாது. ஆகவே ஜேர்னல் உள்ள எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கைக் கண்டால் "வாசிக்க மட்டும்" எண்டு திறக்கும், எழுத விடாது. வலைத்தளங்களில் தேடினால் இதை ஒரு பிழையாக நினைத்து, வற்புறுத்தி எழுத வைக்கிற வழிகளைச் சொல்லுவார்கள். அதைச் செய்யாதேங்கோ. மீட்பு வேலைக்கு வாசிக்க மட்டும் எண்ட நிலை உங்களுக்குக் கிடைத்த சீற் பெல்ட்.

உங்கட ஐபொட் விண்டோஸில் அமைத்ததாக, ஃபாட்32 ஆக இருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. லினக்ஸ் அதை எழுதவும் திறந்துவிடும். அப்போது நீங்களே அதைக் கழட்டி, வாசிக்க மட்டும் எண்ட விருப்பத்தோடு திரும்ப மவுண்ட் செய்யுங்கோ. எது எண்டு பார்க்க 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையை எஃப் விருப்பத்தோடு ஓட்டினால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் வகையையும் காட்டும்.

கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து நான் இங்கே தரவில்லை. அது வேணுமெண்டே செய்தது. டிஸ்க்கின் பெயர் என் லப்ரொப்பில் ஒன்று, உங்களிடம் வேறொன்று. என்னுடையதை அப்படியே வெட்டி ஒட்டினால் உங்கட சொந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிடும் சாத்தியம் இருக்கு. பெயரைச் சொல்லுறன், மேனுவல் பக்கத்தைத் திறந்து வாசித்துவிட்டு அடியுங்கோ.

முதலில் ஒரு படி எடுங்கோ

தங்கச்சி ஒஸ்லோவுக்கு வந்தபோது ஐபொட்டையும் கொண்டு வந்தார். கேபிளில் குத்தினோம். ஹாட் டிஸ்க் சுழன்றது, நடுவில் ஒரு சின்ன "டிக், டிக்" சத்தம். பதினைந்து வயசான 1.8 அங்குல டிஸ்க். அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் ஃபோல்டரைத் திறந்து ஃபைல் ஃபைலாக இழுக்கிற யோசனையை விட்டேன்.

சாகப்போகிற டிஸ்க்கில் இருந்து ஃபைல்களை இழுத்தால் தலை அங்கேயும் இங்கேயும் ஓடும். ஒரு கெட்ட இடத்தில் சிக்கினால் திரும்பத் திரும்ப முயன்று, இருக்கிற உயிரையும் போக்கும். அதுக்குப் பதிலாக முழுப் பார்ட்டிஷனையும் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாக ஒரு பெரிய ஃபைலாகப் படியெடுக்க வேணும். அதுக்குச் சரியான ஆயுதம் 'ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ'. அது புத்திசாலி. நல்ல இடங்களை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பிப் போகும். எங்கே வரைக்கும் வந்தது எண்டு ஒரு வரைபட ஃபைலில் எழுதிக்கொண்டே போகும், ஆகவே நடுவில் கேபிள் கழன்றாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

இன்னும் ஒன்று: முழு டிஸ்க்கை எடுக்காமல் பாட்டுகள் இருக்கிற பார்ட்டிஷனை மட்டும் எடுங்கோ. ஐபொட் கிளாசிக் தன் டிஸ்க்கை 4096 பைட் பெட்டிகளாகக் காட்டும். சாதாரணமாக ஒரு டிஸ்க் படியைத் திறக்கிறபோது லினக்ஸ் 512 எண்டு நினைத்துக்கொள்ளும். முழு டிஸ்க்கின் படியை எடுத்தால் பார்ட்டிஷன் எங்கே தொடங்குது எண்ட கணக்குப் பிசகி, "ஒன்றுமே இல்லையே" எண்டு ஒரு பின்னேரம் முழுக்கத் தலையைச் சொறிவீங்கள். எனக்கு முன்னொரு தரம் நடந்திருக்கு.

ஐபொட் நடுவில் தன் பாட்டுக்குப் பாட்டுத் திரைக்குப் போனால் டிஸ்க் மோட்டில் போடலாம். மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அமத்திக்கொண்டிருந்தால் ஐபொட் திரும்ப எழும்பும். அப்பிள் சின்னம் வந்த உடன் நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் அமத்திக்கொண்டிருங்கோ. சின்னம் போய் டிஸ்க் மோட் எண்டு காட்டும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. தங்கச்சி தேத்தண்ணி குடித்தபடி அந்த எண்கள் கூடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் கதை கொடுத்துப் பார்த்தேன், அவர் கண் எடுக்கவில்லை. முடிவில் 1.2 எம்பி மட்டும் வாசிக்க முடியாமல் போனது. 160 ஜிபியில் 1.2 எம்பி. அது எந்த ஃபைலின் மேல் விழுந்தது எண்டு அப்போது தெரியாது.

பெயர் இல்லாத ஃபைல்கள்

படியை வாசிக்க மட்டும் எண்டு மவுண்ட் செய்து திறந்தோம். 'ஐபொட் கொன்ரோல்' எண்டு ஒரு ஃபோல்டர். மேக்கிலும் விண்டோஸிலும் இது மறைந்திருக்கும், லினக்ஸ் அந்த மறைப்பைக் கணக்கில் எடுக்காது, நேராகத் தெரியும். அதுக்குள் 'மியூசிக்', அதுக்குள் எஃப்00, எஃப்01 எண்டு எஃப்49 வரை ஐம்பது ஃபோல்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு எழுத்துப் பெயரோடு ஃபைல்கள். அர்த்தமே இல்லாத நாலு எழுத்து. ஐரியூன்ஸ் ஏற்றுகிறபோதே பெயரை மாற்றி, ஐம்பது ஃபோல்டருக்கும் பிரித்துப் போட்டுவிடும்.

எம்பி3 பாட்டுகளுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. பாட்டின் பெயர், பாடகர், அல்பம் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே டாக் ஆக இருக்கும். ரிதம்பொக்ஸ் மாதிரி எந்தப் பிளேயரிலும் போட்டால் பெயரைக் காட்டும். ஆறாயிரம் பாட்டும் அப்படியே வந்தது. இளையராஜா பக்கம் போய் ஒரு மணித்தியாலம் வீணாக்கினோம் எண்டதை எழுதாமல் விட மனமில்லை.

கசற்றுகள்தான் பிரச்சினை. அப்பா அவற்றை வேவ் ஃபைலாகப் பதிந்திருக்கிறார். சுருக்காத ஒலி: விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் இரண்டு பைட், இடமும் வலமும் இரண்டு பக்கம். 90 நிமிஷக் கசற்றின் ஒரு பக்கம் 45 நிமிஷம் எண்டால் 476 எம்பி. அளவை வைத்தே தேடிப் பிடிக்கலாம், பிடித்தோம்: 38 ஃபைல். 19 கசற், இரண்டு பக்கம். ஒன்றும் குறையவில்லை.

ஆனால் இந்த வேவ் ஒன்றிலும் டாக் இல்லை. மேக்கில் ஃபைலின் பெயரைப் பார்த்து ஐரியூன்ஸ் தலைப்பை எடுத்துத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும், ஃபைலுக்குள் எழுதாது. பிறகு ஐபொட்டுக்கு ஏற்றும்போது பெயரும் நாலு எழுத்தாக மாறிவிடும். ஆகவே கையில் இருப்பது பெயர், திகதி, வரிசை ஒன்றும் இல்லாத 38 ஒலித் துண்டுகள். எது 1988, எது 1993? கேட்டுக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அப்பா கைப்பட எழுதின தலைப்புகள் எங்கேயோ இருக்க வேணும், ஏனெண்டால் ஐபொட் திரையில் ஏதோ தெரிந்தது. "அது முழுக்கப் பழுதாப் போச்சு அண்ணா, வெறும் ஆங்கிலக் குப்பை" எண்டார் தங்கச்சி. அந்த 'ஆங்கிலக் குப்பை' எண்ட சொல்லை மனசில் வைத்திருங்கோ.

ஐரியூன்ஸ் டிபி

ஐபொட் தன் ஃபோல்டர்களைப் பார்த்துப் பாட்டுப் பட்டியல் போடாது. 'ஐரியூன்ஸ் டிபி' எண்டு ஒரே ஒரு ஃபைல் இருக்கு. அதில் எழுதியிருப்பது மட்டும்தான் ஐபொட்டுக்குத் தெரியும். நீங்கள் ஒரு எம்பி3யை அந்த எஃப்00க்குள் இழுத்துப் போட்டால் இடத்தைப் பிடிக்கும், ஆனால் பட்டியலில் வராது. கனபேர் "லினக்ஸில் ஐபொட் வேலை செய்யாது" எண்டு முடிவு கட்டுகிற இடம் இதுதான்.

அந்த ஃபைலின் கட்டமைப்பை அப்பிள் வெளியிடவில்லை. ஆர்வலர்கள் பைட் பைட்டாகப் பார்த்துக் கண்டுபிடித்து எழுதி வைத்தார்கள். அந்த அறிவைச் சேர்த்துச் செய்த லைப்ரரிதான் 'லிப்ஜிபொட்'. ரிதம்பொக்ஸ், ஸ்ட்ரோபெரி எல்லாம் ஐபொட்டோடு கதைப்பது அதன் வழியாகத்தான். அதிலேயே வேலையை முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு எல்லா விபரமும் ஒரு அட்டவணையாக வேணும், அதோடு கொஞ்சம் ஆசையும். பைத்தனில் அறுபது வரி எழுதினேன். நீங்களும் எழுதலாம், முதலாம் வருஷப் பாடம்தான்.

ஃபைல் முழுக்கத் துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டும் நாலு எழுத்து அடையாளத்தோடு தொடங்கும். 'எம் எச் ஐ டி' எண்டால் ஒரு பாட்டு. 'எம் எச் ஓ டி' எண்டால் அந்தப் பாட்டைப் பற்றின ஒரு சொல்: வகை 1 எண்டால் தலைப்பு, 2 எண்டால் ஃபைல் கிடக்கிற இடம், 3 அல்பம், 4 பாடகர். அடையாளத்துக்கு அடுத்த நாலு பைட் தலைப்பகுதியின் நீளம், அதற்கடுத்த நாலு பைட் முழு நீளம். அந்த நீளத்தைக் கூட்டிக் கூட்டி அடுத்த துண்டுக்குத் தாவலாம். எண்கள் சின்னப் பக்கம் முதலில் வரும் முறையில் எழுதப்பட்டிருக்கும். தலைப்பின் எழுத்துகள் துண்டின் தொடக்கத்தில் இருந்து 40 பைட் தள்ளித் தொடங்கும். இடம் எண்ட சொல்லில் ஃபோல்டர்களுக்கு நடுவில் சாய்கோடு வராது, முக்காற்புள்ளி வரும், பழைய மேக் பழக்கம். அதை மாற்றினால் நாலு எழுத்து ஃபைல் எது, அதன் தலைப்பு எது எண்டு பொருத்திவிடலாம்.

ஓட்டினேன். 38 வரி வந்தது. பிந்தின ஏழு கசற்றுகளுக்கு, அதாவது 14 வரிக்கு, வடிவான தமிழில் தலைப்பு. முந்தின 24 வரி தங்கச்சி சொன்ன மாதிரியே: எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு ஏதோ.

எங்களில் கொஞ்சம் வயசு கூடினவைக்கு இப்ப சிரிப்பு வரும். அது பழுது இல்லை, பாமினி.

யூனிகோட் பரவ முதல், தமிழ் அடிக்கிறதுக்கு ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் இலக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்துருவில் அதன் படத்தை மட்டும் தமிழாக வரைவது. பாமினி எழுத்துருவில் 'எம்' அடித்தால் திரையில் 'அ' தெரியும். 'கே' அடித்தால் 'ம'. அரைப்புள்ளி அடித்தால் மேலே குற்று. 'எச்' அடித்தால் கால். சேர்த்துப் பாருங்கோ: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அம்மா. அப்பா தன் கசற்றுப் பட்டியலை வேர்டில் பாமினியில் அடித்து வைத்திருந்திருக்கிறார், அதை வெட்டி ஃபைல் பெயராக ஒட்டியிருக்கிறார். ஐபொட்டில் பாமினி எழுத்துரு இல்லை, ஆகவே உண்மையான எழுத்தைக் காட்டியது.

தங்கச்சிக்கு இதைச் சொல்லி, அந்த முதல் ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. இவ்வளவு காலமும் அந்தத் திரையில் அப்பா எழுதினதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மாற்றுகிறது லேசு. 'ஓப்பன் தமிழ்' எண்ட பைத்தன் லைப்ரரியில் பாமினியை யூனிகோடாக்கும் பகுதி இருக்கு. கொம்பு வருகிற எழுத்துகளைக் கண்ணால் ஒருக்காச் சரி பாருங்கோ. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும், யூனிகோடில் பின்னால் வரும். மாற்றும்போது சிலவேளை சறுக்கும்.

பிந்தின 14 தலைப்பு ஏன் சரியாக வந்தது? அப்பா அதற்குள் யூனிகோடுக்கு மாறிவிட்டார். ஐரியூன்ஸ் டிபி தலைப்புகளை எழுத்துக்கு இரண்டு பைட் எண்டு வைத்திருக்கும். 'அம்மா' எண்டதை எண்களாகப் பார்த்தால்: 133, 11, 174, 11, 205, 11, 174, 11, 190, 11. ஒன்று விட்டு ஒன்று 11 வருதா? யூனிகோடில் தமிழ் இருக்கிற தெருவின் இலக்கம் 11. எந்த மர்ம ஃபைலையும் திறந்து பைட்டுகளைப் பார்க்கும்போது இப்படி 11, 11, 11 எண்டு போனால் அங்கே அநேகமாகத் தமிழ் இருக்கு. வேலையில் இரண்டு தரம் எனக்குக் கை கொடுத்த தந்திரம் இது.

அதே துண்டில் திகதிகளும் இருக்கு. வெறும் பெரிய எண்ணாக வரும், 1904ஆம் ஆண்டு ஜனவரி 1 இல் இருந்து எண்ணின விநாடிகள், அதுவும் பழைய மேக்கின் வழக்கம். லினக்ஸ் 1970இல் இருந்து எண்ணும். 2,082,844,800ஐக் கழித்தால் எங்கட திகதி வரும். கழிக்காமல் விட்டால் அப்பா கசற் ஏற்றினது 2076இல் எண்டு காட்டும்.

எத்தனை தரம் கேட்டது எண்ட கணக்கு இரண்டு இடத்தில் இருக்கு. கடைசியாக மேக்கோடு ஒத்திசைத்த வரைக்குமான கணக்கு ஐரியூன்ஸ் டிபியில். அதுக்குப் பிறகு ஐபொட் தனியே எண்ணினது 'பிளே கவுண்ட்ஸ்' எண்ட இன்னொரு சின்ன ஃபைலில், அதே பாட்டு வரிசையில். மேக் செத்து வருஷக்கணக்காகியும் அப்பா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், ஆகவே இரண்டையும் கூட்ட வேணும். நான் இதைச் சும்மா ஒரு நிரலாகத்தான் போட்டேன். கூட்டி வரிசைப்படுத்தினால் ஆறாயிரம் பாட்டையும் தாண்டி மேலே நின்றது 'அம்மா 7, இரண்டாம் பக்கம்'. 341 தரம்.

இனி ஐபொட்டை லினக்ஸுக்கு மாற்றுவது

முதலில் இரண்டு படி. ஒன்று தங்கச்சியின் வெளி டிஸ்க்கில், ஒன்று தம்பியின் வீட்டில். வேவ்களை ஃப்ளாக் ஆகவும் மாற்றி டாக் போட்டோம். ஃப்ளாக் ஒலியை இழக்காமல் சுருக்கும். எல்லாம் திறந்து கேட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ஜேர்னல் உள்ள எச்எஃப்எஸ் பிளஸில் லினக்ஸ் எழுதாது, ஆகவே ஃபாட்32 ஆக்க வேணும். கையால் பார்ட்டிஷன் செய்யிற வழிகள் இருக்கு, நான் சொல்லமாட்டன். யாரிடமாவது விண்டோஸ் கொம்பியூட்டரை இரவல் வாங்கி, அதில் ஐரியூன்ஸ் போட்டு, ரீஸ்ரோர் அமத்துங்கோ. எல்லாம் அழிந்து, ஃபாட்32 ஆகி, சுத்தமாக வரும். அரை மணித்தியால வேலை.

இனி லினக்ஸில் குத்தினால் எழுதலாம். ஆனால் 2007 செப்டெம்பரில் வந்த ஐபொட் கிளாசிக்கில் இருந்து ஒரு புது வாசல் பூட்டு இருக்கு. ஐரியூன்ஸ் டிபியின் உள்ளடக்கத்தையும் அந்த ஐபொட்டின் தனி இலக்கத்தையும் கலந்து கணக்கிட்ட ஒரு ஹாஷ் ஃபைலுக்குள் இருக்க வேணும். அது பொருந்தாவிட்டால் ஐபொட் பாட்டு ஒன்றுமே இல்லை எண்டு காட்டும். டிஸ்க் நிறைஞ்சிருக்கும், பட்டியல் வெறுமையாக இருக்கும். வந்த நேரத்தில் லினக்ஸ்காரர் கொதித்துப் போனார்கள், சில நாட்களுக்குள் உடைத்தும் விட்டார்கள். பிந்தின மொடல்களுக்கான பூட்டைப் பற்றி புளூவிக்கி எண்ட தளத்தில் ஆட்கள் கலந்துரையாடினபோது அப்பிளின் வழக்கறிஞர்கள் 2008இல் கடிதம் அனுப்பினார்கள். 2009 ஏப்ரலில் ஈஎஃப்எஃப் அதை எதிர்த்து வழக்குப் போட்டது, ஜூலையில் அப்பிள் தன் மிரட்டலைத் திரும்ப எடுத்தது. ஒரு பாட்டுப் பட்டியல் ஃபைலுக்கு இவ்வளவு கூத்து.

லிப்ஜிபொட் அந்த ஹாஷைத் தானே போடும், உங்கட ஐபொட்டின் இலக்கம் தெரிந்தால். அதன் பெயர் ஃபயர்வயர் இலக்கம். கிளாசிக்கில் ஃபயர்வயரில் பாட்டு ஏற்றவே ஏலாது, பெயர் மட்டும் பழைய சொந்தக்காரர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கு. இப்போதைய உபுண்டு, ஃபெடோராவில் ஐபொட்டைக் குத்தின உடனேயே அநேகமாக அது தானாக எடுத்து எழுதப்பட்டுவிடும். பாட்டு ஏற்றின பிறகும் பட்டியல் வெறுமையாக இருந்தால் அது நடக்கவில்லை எண்டு அர்த்தம். 'எல்எஸ்யூஎஸ்பி'யை விரிவான விருப்பத்தோடு ஓட்டி, ஐபொட்டின் சீரியல் இலக்கத்தின் முதல் 16 எழுத்தை எடுத்து, 'ஐபொட் கொன்ரோல்' ஃபோல்டருக்குள் 'டிவைஸ்' ஃபோல்டரில் இருக்கிற 'சிஸ்இன்ஃபோ' ஃபைலில் ஒரு வரியாக எழுத வேணும். எப்படி எழுதுவது எண்டு லிப்ஜிபொட்டின் ரீட்மீயில் இருக்கு. பிறகு ரிதம்பொக்ஸில் ஒரு பாட்டை மட்டும் ஏற்றி, ஒழுங்காகக் கழட்டி, ஐபொட்டில் வருதா எண்டு பாருங்கோ. ஒன்று வந்தால் எல்லாம் வரும். கேபிளை இழுத்துப் பிடுங்கக்கூடாது, எழுதி முடியாமல் இருக்கும்.

இந்தப் பூட்டு, பட்டியல் தொல்லை ஒன்றும் வேண்டாம் எண்டால் 'ரொக்பொக்ஸ்' இருக்கு: ஐபொட்டின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாகப் போடக்கூடிய திறந்த மென்பொருள். அதுக்கும் ஃபாட்32 வேணும். போட்டால் ஐபொட் ஒரு சாதாரண யூஎஸ்பி டிஸ்க் மாதிரி, ஃபோல்டரை இழுத்துப் போட்டால் பாடும். ஃப்ளாக், ஓபஸ் எல்லாம் பாடும், அப்பிளின் மென்பொருள் அவற்றைத் தொடாது. என் சொந்த ஐபொட்டில் அதுதான். ஆனால் தங்கச்சி வேண்டாம் எண்டார். அப்பா பாவித்த அதே மெனு, அதே கிளிக் சத்தம் வேணுமாம். நான் வாதாடவில்லை.

ஆகவே லிப்ஜிபொட் வழி. வேவ் ஆகவே திரும்ப ஏற்றினோம், தலைப்பை ஆங்கில எழுத்தில் போட்டு, திரையில் எந்த எழுத்து வரும் வராது எண்ட தொல்லை இல்லாமல்.

அந்த 1.2 எம்பி எங்கே விழுந்தது எண்டு சொல்ல மறந்திட்டன். 'அம்மா 7, இரண்டாம் பக்கம்'. கிட்டத்தட்ட ஏழு விநாடி. அந்தக் கசற் 90க்குப் பிறகு பதிந்தது. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றறி தடைசெய்த பொருள், ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, யாரோ மிதிக்க, டைனமோவில் ரேப் ஓடியிருக்கு. பின்னால் சில்லுச் சுற்றுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும். மிதிக்கிற ஆள் களைக்கிற இடங்களில் ரேப் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கு, ஆகவே இப்போது போட்டால் அந்த இடத்தில் மட்டும் அப்பம்மாவின் குரல் கீச்செண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஏறும். 31ஆவது நிமிஷத்தில், "நீ அங்க குளிருக்கு" எண்டு சொல்லுறா, பிறகு ஏழு விநாடி ஒன்றும் இல்லை, சில்லுச் சத்தமும் இல்லை, பிறகு "சரியே?" எண்டு கேட்கிறா.

ஒலியை நிரப்பித் தரவா எண்டு கேட்டேன். சுற்றி இருக்கிற சில்லுச் சத்தத்தை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினால் வெட்டுத் தெரியாது. தங்கச்சி யோசித்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் எண்டார். அவரின் பெரியம்மா கனடாவில் இருக்கிறா, அந்தச் சைக்கிளை மிதித்தது தான்தான் எண்டு சொல்லுறாவாம். அந்த இடத்தில் என்ன சொன்னவா எண்டு அவவிடம் கேட்கப் போகிறார்.